ஆர்விட்டின் நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி

ஆர்விட் பீர் காய்ச்சுவான், குடிக்க மாட்டான். ஈரல் தாங்காது, இனி ஒரு மடக்குகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது. வேறு யாராவது என்றால் பீர் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். இவனோ காய்ச்சும் வேலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ருசி பார்க்கும் வேலையைப் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடமும் தெருவில் இன்னும் மூன்று பேரிடமும் ஒப்படைத்தான்.

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்து பாய்லரைக் கட்டிக் காத்தவன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது அடித்தாலும் வகுப்பில் ஒரு பிள்ளை கோட்டோடு உட்காரக் கூடாது என்பது அவன் வைராக்கியம். பாதி நாள் அந்த பாய்லர் அறையிலேயே குடித்துக்கொண்டும் இருந்தான். ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. வடக்கு மினசோட்டாவில் ஒருவனை முகத்துக்கு நேரே குறை சொல்வதைவிட அவன் காரைத் திருடுவது மரியாதை.

குடியை விட்ட கையோடு கார் ஷெட்டில் மின்சாரக் கொப்பரை ஒன்றை வைத்தான். முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பத்து டிகிரி கூடிவிட்டால் ஈஸ்ட் தின்னாத சர்க்கரை தங்கி, பீர் பாகாகிவிடும். அடியிலிருந்து பம்ப் சாற்றை இழுத்து நீளமான குழாய் வழியாக மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும். குழாயின் மேல் முனையில் சென்சார். அது காட்டும் எண்ணைப் பார்த்து ஒரு பெட்டி ஹீட்டரைப் போட்டு அணைக்கும். ஆர்விட் எதிரே ஸ்டூல் போட்டு அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"பாரு கோர்டி, அரை டிகிரி அசையல. என் கல்யாணம்கூட இவ்வளவு நிலையா நின்னதில்ல."

முதல் குளிர்காலத்துப் பீரை வாயில் வைத்தேன். அப்பட்டமான பாகு. "இனிக்குதா? மிச்சச் சர்க்கரை பாக்கிற மானி அப்படித்தான் காட்டுது," என்றான்.

"சேச்சே. கொஞ்சம் கனமா இருக்கு, குளிருக்கு ஏத்தாப்பல."

அவன் மானியைக் குப்பையில் போட்டான். ருசி பார்க்கும் மற்ற மூவரில் ஒருவனான ரோஜர் தன் பங்கை நாய்க்கு வைத்தான். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒருநாள் கிளம்பினேன். வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த அவன் மனைவி லவோன் என்னை மறித்தாள்.

"நல்லா இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க கோர்டி. சொன்னா அவரே வாயில வெச்சுப் பாத்துடுவாரு. ஒரு வாய் போதும், மறுபடி ஆரம்பிச்சுடும். எனக்கு அவரு வேணும்."

அதோடு என் வாயில் கொழுக்கட்டை. கோடையில் பீர் நன்றாகவே வந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. குளிரில் மறுபடி பாகு. நாலு குளிர்காலம் குடித்தோம்.

இந்தப் பிப்ரவரியில் எங்களுக்குத் தெரியாமல் ஒரு போட்டிக்கு இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறான். நடுவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு என்ன முகத்தாட்சண்யம்? சனிக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டான். கொப்பரை ஓடிக்கொண்டிருந்தது. கையில் அவர்கள் அனுப்பிய தாள்.

"தாங்க முடியாத இனிப்பாம். ஊறவைக்கிற சூட்டைச் சரிபாக்கணுமாம்," என்றான். குரலில் கோபமே இல்லை.

இறைச்சி வெந்ததா என்று லவோன் குத்திப் பார்க்கும் வெப்பமானியை எடுத்து மால்ட்டுக்குள் ஆழமாகச் செருகினான். நூற்று அறுபத்துநாலு. பெட்டியில் அதே நூற்று ஐம்பத்திரண்டு. குழாயைத் தடவிப் பார்த்தான்.

"இந்தக் குளிர்ல சாறு குழாய்லயே ஆறிப்போய்த்தான் சென்சார்கிட்ட வருது. பத்தலைன்னு பெட்டி இன்னும் சூடேத்துது. கோடையில சரியா வந்திருக்கணும்."

"வந்துச்சே," என்றேன். நுணலும் தன் வாயால் கெடும்.

அவன் மெதுவாகத் திரும்பினான். "அப்போ குளிர்காலத்துல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நாலு வருஷமாவாடா?"

"நீ மறுபடி குடிச்சிடுவியோன்னு பயந்தோம்ப்பா."

"என் நாக்குக்குப் பதிலாத்தான் உன் நாக்கை வெச்சிருந்தேன்," என்றான். அலமாரியிலிருந்து போன மாதத்துப் பாட்டிலை எடுத்துத் திறந்து கோப்பையில் ஊற்றினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். முப்பத்தோரு வருஷம் வால்வு திருகிய கை. என்னால் அசைக்க முடியவில்லை. லவோன் சர்ச்சில் சமையல் வேலையாகப் போயிருந்தாள்.

ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி அடக்கிக்கொண்டான். காலடியில் வாளி இருந்தது. துப்பிவிடு, துப்பிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"பான்கேக் மேல ஊத்தற பாகேதான்," என்றான். பேசிய பிறகுதான் விழுங்கிவிட்டான் என்று உறைத்தது.

"சென்சாரை அடியில மாத்திட்டா சரியாயிடும், பத்து நிமிஷ வேலை," என்று ஸ்பேனரை எடுத்தான். முகத்தில் பழைய தெம்பு. இரண்டடி போனவன் திரும்பி வந்து, கோப்பையை எடுத்து இன்னொரு மடக்கு குடித்தான்.

முதல் மடக்கு ருசி பார்க்க. இது எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.