மருந்தடித்த விமானம்

ஆர்.கே.பேட்டை வயலில் டிரோன் பூச்சிமருந்து தெளிக்கிறது. அந்த நெடி ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அன்று மருந்தடிக்க விமானமே வந்தது. கூலிக்குக் களை பறித்துக்கொண்டிருந்த அம்மா, "வாடா, பேனெல்லாம் சாவும்" என்று என் தலையை வானத்துக்குக் காட்டினாள். வயலே இருமியது. மேலே கண்ணாடிக்குள் இருந்தவன் மட்டும் இருமவில்லை.

"நைனா, நான் பைலட் ஆவப்போறேன்."

"ஆவுடா. எங்க தல மேல மட்டும் அடிக்காத" என்றார் அப்பா, இருமலுக்கு நடுவே.

நான் ஆனது கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஓய்வு பெற்றும் விதிகள் மறக்கவில்லை. ஆட்களை வெளியேற்றிய பிறகே மருந்தடிக்க வேண்டும் என்று டிரோன் ஓட்டுபவரிடம் சொன்னேன்.

அவர் வயலுக்குள் களை பறித்துக்கொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் சார்."