இறகு விளிம்புத் தட்டு

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் ஞாயிறு காலைகளில் கூடும் பழைய சாமான் சந்தையில் அவரைச் சந்தித்தேன். பஸ் ஓட்டுநர். லீவு நாளிலும் சீருடைக் கோட்டுதான் போட்டிருந்தார். ஓர் ஆங்கிலேய மூதாட்டி கார் டிக்கியைத் திறந்து விற்றுக்கொண்டிருந்த பாத்திரங்களுக்குள் இருந்து வெளிறிய மஞ்சள் பீங்கான் தட்டொன்றை இந்த ஓட்டுநர் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பைப் பெருவிரலால் மெல்லத் தடவினார்.

"இஞ்சை பாரும் தம்பி, விளிம்பு முழுக்கக் குருவி இறகு மாதிரிக் கோடு. அடியில கண்ணாடி மெருகு பச்சையாத் தேங்கி நிக்குது. இருநூறு வருசத்துக்கு மேல இருக்கும். பத்து வருசமாத் தேடுறன்."

மூதாட்டி சில்லறைக் காசுதான் கேட்டார். இவரோ, அது மிகப் பழையது, விவரம் தெரிந்தவர்களிடம் காட்டாமல் விற்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் அவருக்கு விளக்கினார். மூதாட்டி திகைத்து, நன்றி சொல்லி, தட்டைத் திரும்ப வாங்கிப் பேப்பரில் சுற்றத் தொடங்கினார்.

வெறுங்கையோடு நடந்தவரின் பின்னால் ஓடினேன்.

"பேசாமல் வாங்கியிருக்கலாமே அண்ணை?"

"ஏலாது தம்பி. பிறகு தட்டைப் பார்க்கேக்கை எல்லாம் அந்த மனுசியின்ர முகந்தான் தெரியும்."

கொஞ்சத் தூரம் நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அந்த மனுசி தட்டைப் பேப்பரில சுத்தித்தானே வைச்சவ?"

"ஓம் அண்ணை."

"ரெண்டு சுத்தோ?"

நான் கவனித்திருக்கவில்லை. ஆனாலும் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம், ரெண்டு சுத்து" என்றேன்.