கம்பியில்லாக் கம்ப்யூட்டரும் தனலெட்சுமியின் அண்டாவும்

மலேசியாவின் கிள்ளானில் கல்யாணப் பத்திரிகை என்றால் தனலெட்சுமிதான். அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதே கம்ப்யூட்டரில் பிள்ளையாரையும் குத்துவிளக்கையும் பொருத்திவிடுவாள். சாம்பாரும் அடிபிடித்ததில்லை, பிள்ளையாரும் கோணியதில்லை. அதற்காகவே அவள் கம்ப்யூட்டர் சமையலறையை ஒட்டிய பின்னறையில் இருந்தது. டெலிபோன் லைனும் அங்கேதான். பிரிண்டரோ முன்னறையில், ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணவர் பக்கிரிசாமியின் கம்ப்யூட்டரோடு இருந்தது.

டிஸ்கெட்டும் கையுமாக அவள் ஹாலைக் கடந்த நடையைக் கூட்டினால் காஜாங் ஊருக்கே போய்க் குச்சியில் சுட்ட சாத்தே தின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஒருமுறை ஒயர் இழுத்தும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மாரியாயி அதில் தடுக்கி, பாயசப் பானையோடு சோபாவில் போய் விழுந்தாள். அந்தச் சோபாவின் எறும்புகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும்.

தொண்ணூற்றொன்பதில் பக்கிரிசாமி கோலாலம்பூர் போய்க் கொம்பு முளைத்த இரண்டு அட்டைகள் வாங்கி வந்தார். கம்ப்யூட்டருக்கு ஒன்றாகச் செருகினால், ஒயரே இல்லாமல் இரண்டும் காற்றில் பேசிக்கொள்ளுமாம். பேசின. பின்னறையில் அவள் பட்டனை அழுத்த, முன்னறையில் பத்திரிகை வந்து விழுந்தது. பின்னறை டெலிபோன் லைன் வழியாக இண்டர்நெட் முன்னறைக்குப் போனது. பக்கிரிசாமி எங்கோ ஐஸ்லாந்துக்காரனோடு செஸ் ஆடித் தோற்றார். அந்தப் பெருமையில் டிஸ்கெட்டுகளை எல்லாம் குப்பை லோரியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் டெங்கிலிலிருந்து சின்னையா வந்தார். இளைய மகளின் பத்திரிகை. முதல் பிரதியை நல்ல நேரத்தில் அடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி முன் வைக்க வேண்டும். பத்தரைக்கு ராகு காலம்.

"மூத்தவளுக்கு ராகு காலத்துல அடிச்சிட்டாங்கக்கா. கல்யாணமே நின்னு போச்சு. இவளுக்கு அப்படி ஆகக் கூடாது லா" என்றார். அந்தக் குரலைக் கேட்டபின் தனலெட்சுமிக்கு அது வெறும் பத்திரிகையாக இல்லை.

பட்டனை அழுத்தினாள். பிரிண்டர் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். பக்கிரிசாமி அட்டையைக் கழற்றிச் செருகினார், விற்றவனைத் திட்டினார், கொம்பைக் கிழக்கே திருப்பினார். தனலெட்சுமி திருஷ்டி என்று முடிவுகட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி இரண்டு கம்ப்யூட்டருக்கும் சுற்றிப் போட்டாள். கடிகார முள் மட்டும்தான் நகர்ந்தது. சின்னையா கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்க்கச் சகிக்காமல், காப்பியாவது கொடுப்போம் என்று ஹால் அலமாரிக்குப் போனாள். ஆள் வருகிறாரே என்று விடிந்ததும் தன் சீர் எவர்சில்வர் மொத்தத்தையும் துலக்கி, கூரை வரைக்கும் அடுக்கியிருந்தாள். நடுவில் யானைக்குட்டியைக் குளிப்பாட்டும் அளவுக்கு ஓர் அண்டா. காப்பிச் செட்டு அதன் பின்னால் இருந்தது. அண்டாவை இழுத்துத் தரையில் இறக்கினாள். முன்னறையில் பிரிண்டர் ஒரு தும்மல் தும்மியது.

தனலெட்சுமி நின்றாள். அலமாரிக்கு இந்தப் பக்கம் முன்னறை, அந்தப் பக்கம் பின்னறை. நேற்று இங்கே ஒரு கரண்டிகூட இல்லை; இன்று காற்றில் போகிற பேச்சை மறித்து எவர்சில்வர்ச் சுவர்.

"என்னங்க, காப்பி அப்புறம். வந்து பாத்திரத்தை இறக்குங்க."

சின்னையாவும் ஓடிவந்தார். தவலை, குடம், சம்படம் என்று ஹால் முழுக்கப் பாத்திரக்கடை. கடைசி அடுக்குச்சட்டி தரையைத் தொட்டதும் பத்திரிகை வெளியே வந்தது, மணப்பெண் பெயர் மினுங்க. பத்தரை அடிக்குமுன் தனலெட்சுமி மஞ்சளைத் தடவிவிட்டாள். அவசரத்தில் சின்னையா சட்டையிலும் கொஞ்சம்.

"உன் அண்டாதான் வில்லனா?" என்றார் பக்கிரிசாமி.

"வாய மூடுங்க. எங்கப்பா குடுத்தது."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. எவர்சில்வர் எல்லாம் மாடிக்குப் போயிற்று, அண்டாவைத் தவிர. அது அலமாரிக்குக் கீழே தயாராக நிற்கிறது. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போங்கள் என்று இரண்டு தடவை சொல்லியும் பக்கிரிசாமி செஸ்ஸை விட்டு எழவில்லையென்றால், தனலெட்சுமி மூன்றாம் தடவை சொல்வதில்லை. அண்டாவைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, பையை எடுத்துக் கதவருகே மாட்டுவாள்.