ஆபீசருக்கு வந்த அழைப்பு

அந்த நாய், பூனை ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைப் போன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவரான டாக்டரம்மாகூட அப்படித்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சீட்டு எழுதி, மறு கையால் மேசைமேல் ஏறப் பார்க்கும் பூனையைத் தள்ளிவிடுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்துபோய்விட்டது. "வீட்டுலயாவது தலையை நிமித்தி வையேன்" என்பார் கணவர். வீட்டில் போன் அடித்தால் அவள் எடுப்பதே இல்லை.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருளைச் செய்தது ஒரு சின்னக் கம்பெனி. அது மக்கர் பண்ணினால் ஒரு தம்பி போனில் வருவான். முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அவனுக்குக் கல்யாணம் ஆனது, குழந்தைக்குப் பல் முளைத்தது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தடுப்பூசி நாள் வந்தால் மென்பொருளே வளர்ப்பவருக்குச் செய்தி அனுப்பிவிடும். எல்லா வசதியும் இருந்தது. செத்துப்போன பிராணியைச் செத்துப்போனது என்று குறிக்க மட்டும் இடமில்லை. பெயரையே அழித்தால் பழைய சிகிச்சை விவரமெல்லாம் சேர்ந்து போய்விடும். டாக்டரம்மா அதற்கு ஒப்பமாட்டார்.

"அதுக்கு ஒரு பட்டன் போடுப்பா" என்று தம்பியிடம் கேட்டாள்.

"அடுத்த தடவை மாத்தும்போது போட்டுடறேன்க்கா. அதுவரைக்கும் அடுத்த ஊசித் தேதியை 2099னு போட்டு வைங்க. செய்தி போகாது. அப்போ கேக்கறதுக்கு நாம யாரும் இருக்கப்போறதும் இல்ல."

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. உள்ளறையிலிருந்து டாக்டரம்மா "2099 போட்டுடுங்க" என்று குரல் கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. அந்தக் குரல் கேட்டால் போன் அக்கா கையிலிருக்கும் சீட்டை முழுசாக எழுதி முடித்த பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவாள். பழகிப்போகும் என்று பார்த்தாள், பழகவில்லை.

தையல்காரரின் நாய்க்கும் அவள்தான் அப்படிப் போட்டாள். எந்த வேலையும் செய்யாமல் தையல் மெஷினுக்கு அடியில் அதிகாரமாகப் படுத்துக் கிடந்ததால் அதற்கு ஆபீசர் என்று பெயர். மனைவி போன பிறகு அந்த மனிதருக்குப் பேச்சுத்துணை அதுதான். கடைசி நாளில் வெறும் சங்கிலியைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இனிமே இங்கேருந்து மெசேஜ் எதுவும் வராதில்லம்மா? வந்தா என்னால தாங்க முடியாது."

"வராதுண்ணா. நான் பாத்துக்கறேன்" என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

பிறகுதான் அந்தச் சின்னக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. உங்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது என்று மின்னஞ்சல் வந்தது. இன்னொன்றும் அதையே சொன்னது. ஒரே விஷயத்தை ஒருவன் இத்தனை தடவை சொன்னாலே நாம் உஷாராகியிருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் திரை முழுக்க வேறு நிறம், வேறு எழுத்து, எது எங்கே இருக்கிறதென்றே புரியவில்லை. அவள் பையை வைத்து உட்காரும் முன்பே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"செத்துப்போன பூனைக்கு ஊசி போடக் கூப்பிடறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

அடுத்த போனில் ஒரு பெண் பேசவே இல்லை, அழுதாள். இன்னொருவர் வாயில் வந்தபடி ஏசினார். மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று சொல்லிச் சொல்லி அவள் நாக்கு வறண்டது. புதுக் கம்பெனியைக் கூப்பிட்டால் ஒரு இயந்திரக் குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று கழுத்தறுத்துவிட்டு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பாட்டுப் போட்டது. கடைசியில் தம்பியின் சொந்த எண்ணைத் தேடிப் பிடித்தாள்.

"புது சிஸ்டம் அவ்வளவு தூரத் தேதியை ஏத்துக்காதுக்கா. தப்புன்னு நெனச்சு இந்த வாரத்துக்கு இழுத்திருக்கும்."

"நிறுத்துப்பா அதை!"

"நான் இப்ப அங்க இல்லக்கா. எங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க."

அவனைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்தாள். உடனே தையல்காரருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ஒருவேளை அவர் இன்னும் செய்தியைப் பார்த்திருக்கமாட்டார் என்று ஒரு நப்பாசை. சாப்பாட்டு நேரத்தில் கடைக்கே ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தபோது, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம், நியாயம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் வாக்குக் குடுத்திருந்தேன்..."

"அதை விடும்மா. நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆபீசருக்கு ஊசி போட வர்றீங்களான்னு மெசேஜ் கேட்டுச்சு, வரலன்னு அமுக்கினேன். ஏன் வரலன்னு கேட்டுச்சு. நேரம் இல்ல, வேற ஆஸ்பத்திரிக்கு மாறிட்டேன், ரெண்டே ரெண்டுதான் இருந்துச்சு. எனக்கு நேரம் இருக்கேம்மா, பொய் சொல்ல மனசு வரல. வேற ஆஸ்பத்திரின்னு அமுக்கிட்டேன்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"அப்புறந்தான் உறைச்சது. ராவும் பகலுமா பாத்த டாக்டரம்மா, இவன் நம்மள விட்டுட்டு வேற எடம் போயிட்டான்னு நெனச்சுக்குவாங்களே. ஆபீசர் எங்கயும் போகலம்மா. கடைசி வரைக்கும் உங்ககிட்டதான் இருந்தான். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். மன்னிச்சிடுங்க."

காலையிலிருந்து வாங்கிய ஏச்சு எதுவும் போன் அக்காவை அழவைக்கவில்லை. இது அழவைத்துவிட்டது. மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

தையல்காரர் பதறிப்போய்த் தன் போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"ஏம்மா, நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?"