எட்டு விரல் மடிப்பு

வின்செஸ்டர் அரண்மனையில் முப்பது வருஷமாகத் துணி தைத்தவள் குனில்டா. ராணியின் தோழிகளான சீமாட்டிகளில் அவள் ஊசி படாத உடுப்பை அணிந்தவர் யாருமில்லை. கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள்; நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். அந்தத் திங்கட்கிழமை கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தும் அவள் அதைத் தொடவில்லை.

காரணம், மேசைமேல் கிடந்த சிவப்புக் கம்பளித் துணி. அரண்மனைத் துணிகளுக்குப் பொறுப்பான எழுத்தர் ஓஸ்பர்ட் கொண்டுவந்து போட்டது.

"இடோனியா அம்மாவுக்குக் கல்யாண மேலங்கி. வியாழக்கிழமைக்குள்ள முடியணும்."

"புருஷன் செத்து நாலு மாசம்கூட ஆகலையே ஐயா."

"அதனாலதான் இடம் காலியா இருக்கு. பிரான்ஸ் சண்டையில நல்லா வாள் சுத்தினாருன்னு ஃபல்க் பிரபுவுக்கு ராஜா தந்துட்டார்."

"எத தந்தார்? நிலத்தையா, அம்மாவையா?"

"ரெண்டும் ஒரே மூட்டைதானே. நீ ஊசியில நூலைக் கோரு."

இடோனியாவின் முதல் கல்யாண உடுப்பைத் தைத்ததும் குனில்டாதான். அப்போது இடோனியாவுக்குப் பதினொரு வயது. அளவெடுக்க முக்காலிமேல் நிறுத்தியபோது கையில் பாதி தின்ற ஆப்பிள் இருந்தது. வளர்கிற பிள்ளை, கீழே எட்டு விரல் உள்ளே மடித்துத் தை என்றார்கள். தைத்தாள். வருஷத்துக்கு இரண்டு விரலாகப் பிரித்துவிட்டதும் அவள்தான். மூன்றாம் முறை இடுப்பிலும் பிரிக்க வேண்டியிருந்தது. பதினாலு வயதில் வயிற்றில் பிள்ளை, அது தங்கவில்லை. இப்போது பத்தொன்பதில் விதவை. உடனே ஃபல்க்கோடு இந்த இரண்டாம் கல்யாணம். இதற்கும் குனில்டாவின் ஊசிதான். அந்த எட்டு விரலை மடித்தது தன் கை என்ற நினைப்பு நெருஞ்சிமுள்ளாக உள்ளேயே கிடந்தது. ஃபல்க் மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேலேயே வந்த கோபம்.

அளவெடுக்கப் போனபோது ஃபல்க்கின் அக்கா கதவருகே காவல் இருந்தாள். மணப்பெண் ஓடிவிடக் கூடாதென்று துணிப்பெட்டிகளைக்கூடப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். குனில்டா நாடாவைப் பிடித்துக் குனிந்ததும் இடோனியா அவள் காதோரம் பேசினாள்.

"புதன்கிழமை காலையில ஆயர் பூசைக்கு வர்றார். அவர் முன்ன முட்டிபோட்டுக் கைம்பெண் விரதம் எடுத்துட்டா, ராஜாவாலகூட என்னை எவனுக்கும் கட்டிவைக்க முடியாது."

"எடுக்க வேண்டியதுதானே அம்மா."

"சாயம் ஏறாத போர்வையை அவர் கையில குடுக்கணும். அதை ஆசீர்வதிச்சுத் தந்தாதான் விரதம். என்கிட்ட ஒரு கந்தல்கூட இல்ல."

"என்ன அங்க முணுமுணுப்பு?" என்றாள் அக்காக்காரி.

"மார்பளவு எடுக்கறேன் தாயே. சத்தமா சொல்லட்டுமா, உங்க தம்பிக்கும் கேக்கற மாதிரி?"

அக்காக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓஸ்பர்ட் தினம் இருமுறை வந்து பார்த்தான். செவ்வாய்க்கிழமை சிவப்புக்கு அடியில் சாயம் ஏறாத சாம்பல் நிறக் கம்பளி தென்பட்டது.

"இது என்ன பிச்சைக்காரத் துணி?"

"உள்துணி ஐயா. கோயில் கல்தரை குளிரும். பொண்ணு நடுங்கினா மாப்பிள்ளைக்குத்தானே குறைச்சல்."

சரியென்று போய்விட்டான். உள்துணியின் நாலு ஓரமும் தனியாக மடித்துத் தைத்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. சிவப்போடு அதைச் சேர்த்திருந்தது ஒரே நூலில் ஓடிய, இழுத்தால் உருவிக்கொண்டு வரும் நீளமான கச்சாத் தையல்தான். அதன் நுனி கழுத்துப்பட்டிக்குள் இருந்தது. முப்பது வருஷத்தில் குனில்டா வேண்டுமென்றே தளர்வாகப் போட்ட முதல் தையல் அது. பிடிபட்டால் வேலை மட்டுமல்ல, முதுகுத்தோலும் போகும்.

துணி உடம்பில் படிய வேண்டும், பூசைக்குப் போட்டுப்போகட்டும் என்று குனில்டா சொன்னதை அக்காக்காரி நம்பினாள். தம்பியும் பார்க்கட்டுமே என்று அவளுக்கும் ஆசை.

புதன்கிழமைப் பூசையில் நற்செய்தி வாசிப்பதற்குச் சற்று முன் இடோனியா எழுந்து நேராகப் பீடத்துக்கு நடந்தாள். முட்டிபோட்டாள். அங்கியை மாட்டிவிடும்போது குனில்டா தொட்டுக் காட்டியிருந்த இடத்தில், கழுத்தில் கைவைத்து நூலை இழுத்தாள். அது தோளோரம் சிக்கியது. கடைசி வரிசையில் நின்ற குனில்டா எட்டிப் பார்த்தாள். இன்னொரு இழுப்பு. சிவப்பு மொத்தமும் வழுக்கிக் கல்தரையில் விழுந்தது. சாம்பல் போர்வை அவள் கையில் இருந்தது.

"ஏய், பிடிங்க அவளை," என்று ஃபல்க் எழுந்தான். ஆயர் அவனை ஒரு பார்வை பார்த்தார். யாரும் நகரவில்லை.

"உன் சொந்த விருப்பமா மகளே?"

"நானா விரும்பிச் செய்யற முதல் காரியம் இதுதான் சாமி."

ஆயர் போர்வைமேல் கைவைத்தார்.

மதியம் ஓஸ்பர்ட் சிவப்புத் துணியோடு தையலறைக்கு வந்தான்.

"துணிக்கு ஒண்ணும் ஆகல. உள்துணி அந்தம்மா கேட்டு வெச்சதுன்னு சொல்லிட்டேன், நீ பிழைச்சுக்க. ஃபல்க் பிரபுவுக்கு வேற பொண்ணு பேசியாச்சு. பத்து வயசு. இதையே சின்னதாக்கிடு, கீழ மட்டும் எட்டு விரல் விடு."

குனில்டா துணியை மேசைமேல் விரித்து, சுருக்கம் போக நீவினாள். கத்தரிக்கோலை எடுத்தாள். மேலிருந்து கீழாக, ஒரு நூல் பிசகாமல், விரலகலக் கீற்றுகளாக வெட்டத் தொடங்கினாள்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"சின்னதாக்கச் சொன்னீங்களே ஐயா."

அவன் ஓடிப்போய்க் காவலாளிகளை அழைத்து வருவதற்குள் பாதித் துணி முடிந்திருந்தது.