அருவிக்கரையில் செருப்புகள்

திற்பரப்பு அருவியின் படிக்கட்டில் குனிந்து நிற்கிறேன். குளிக்கச் சென்றோர் கழற்றிவிட்ட செருப்புகளின் மீது சாய்வெயில் விழுகிறது. மனிதர் எவரும் படத்தில் வராதவாறு, மகன் வாங்கித் தந்த டிஜிட்டல் கேமராவைத் தாழ்த்திப் பிடிக்கிறேன். திடீரென ஈரக் கை ஒன்று என் மணிக்கட்டைப் பற்றுகிறது.

“பெரியவரே, பொம்பளைய குளிக்கிய எடத்துல என்னத்தயாக்கும் படம் பிடிக்கீரு?”

துண்டு உடுத்த ஒருவர் முறைக்கிறார். கூட்டம் சேர்கிறது. இத்தனை வயதுவரை காத்த மானம் இக்கணத்தில் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். கேமராவை அவரிடமே நீட்டுகிறேன். அவர் பொத்தானை அழுத்தி அழுத்தி, எடுத்த படங்கள் அனைத்தையும் பார்க்கிறார். செருப்பு, மீண்டும் செருப்பு, வேறொரு கோணத்தில் அதே செருப்பு.

“ஏட்டி, இஞ்ச வா! ஒனக்க பிஞ்ச செருப்பயாக்கும் இவரு படம் பிடிக்காரு!”

ஈரத் தலையுடன் அவர் மனைவி வந்து திரையை எட்டிப் பார்க்கிறார். “கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு! மனுசருக்கு எடுக்க வேற ஒண்ணும் கிட்டலியாக்கும்?”

கூட்டம் சிரித்துக் கலைகிறது. எனக்கு மூச்சு வருகிறது.

“எனக்கதும் கெடக்கட்டும்” என்று கணவர் தம் ரப்பர் செருப்புகளை, நான் அரைமணி நேரம் பாடுபட்டுப் படத்தில் ஒதுக்கிய வெற்றிடத்தின் நடுவே வைக்கிறார். படத்தின் அமைப்பு முற்றிலும் கெட்டுவிடுகிறது. நான் நிறைந்த மனத்தோடு பொத்தானை அழுத்துகிறேன்.