பதினேழாம் குழி

டப்பாவைக் கவிழ்த்ததும் பட்டன்கள் மேசை முழுக்க ஓடின. நான்கு துளை வைத்த பழுப்புப் பட்டன் ஒன்று வேண்டும். நாளைக் காலை போட வேண்டிய குளிர் ஜாக்கெட்டில் கழுத்துக்குக் கீழே ஒன்று விழுந்துவிட்டது. வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தால் அந்தச் சந்து வழியாகத்தான் முதலில் குளிர் ஏறும். விரலால் விலக்கிக்கொண்டே வந்தவள் ஓர் இரும்பு வளையத்தில் நின்றாள்.

கோட்டுப் பட்டன் அளவு, காகிதம்போல மெல்லியது. மோந்து பார்த்தாள். கியர் ஆயில்.

மூன்று வாரத்துக்கு முன் அடுப்படியைப் பெருக்கும்போது கிடைத்ததாக இருக்க வேண்டும். வட்டமாக எது கிடைத்தாலும் கை தானாகப் பட்டன் டப்பாவுக்குப் போய்விடும். தையல் கூடத்தில் ஆஸ்பத்திரிக் கோட்டுகளுக்குப் பட்டன் வைத்தே அவளுக்கு இருபத்தாறு வருடம் ஓடியிருந்தது. ஒரு நாளைக்கு முன்னூறு பட்டன். சாயங்காலம் கண்ணை மூடினால் நான்கு துளைகள் தெரியும், அவ்வளவுதான். அன்றைக்கு என்ன பொறுக்கினோம், எங்கே போட்டோம் என்பதெல்லாம் அவள் நினைவில் நின்றதில்லை.

கொல்லைப்பக்கம் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார். ஏழு வாரமாக அந்தக் கை கறுப்பாகவே இருந்தது.

வண்டிக்கு இருபத்தெட்டு வயது. நெடும்பயணத்துக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் சாய்ந்துகொள்ளத் திண்டு. அதை அவள் பெரியவர் என்றுதான் சொல்வாள். 'பெரியவருக்கு இன்னைக்கு உடம்பு எப்படி?' என்று கேட்டால் கணவர் நிஜமாகவே பதில் சொல்வார். போன வருடத்திலிருந்து பெரியவருக்கு நான்காவது கியர் நிற்கவில்லை. ஏற்றத்தில் தானாக நழுவும். இஞ்சின் அலறும், வண்டி முன்னே போகாது. ஒருமுறை பின்னால் லாரி வரும்போது அப்படி ஆயிற்று. அதற்குப் பிறகு கணவர் இடது கால் விரலால் கியர் கம்பியை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். அவர் முழங்கால் நடுங்குவது பின்சீட்டில் இருந்தவளுக்குத் தெரியும். கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டதும் அவள்தான்.

கடைசியில் கியர்பெட்டியைக் கழற்றி அடுப்படி மேசைக்குக் கொண்டுவந்தார். முட்டை அடுக்கும் அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் எண் எழுதி, கழற்றிய வரிசையில் ஒவ்வொன்றாக வைத்தார். முப்பது வருடம் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் எந்த வால்வை எத்தனை சுற்று திறந்தோம் என்று எழுதி வைத்த மனிதர். பழைய பல்சக்கரத்துக்குப் பதில் புதிது தருவிக்கவே ஒரு மாதம் போயிற்று. அதற்குள் அவள் அக்காவைப் பார்க்கப் போவது இரண்டு தடவை தள்ளிப்போனது. அக்காவுக்கு மூட்டு அறுவை நடந்து மூன்று மாதம் ஆகிறது.

ஒருநாள் பதினேழாம் குழி காலியாக இருந்தது.

"இங்க ஒரு சின்ன வளையம் பாத்தியா?"

"உங்க சாமான் எதையும் நான் தொடல."

இரண்டு நாள் காந்தத்தை நூலில் கட்டி ஃபிரிட்ஜுக்கு அடியில் இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் "கெடச்சிருச்சு" என்றார். மூடியை மாட்டினார், பெட்டியை வண்டியில் ஏற்றினார், பின்சக்கரம் போட்டார், ஆயில் ஊற்றினார். இன்று தெருவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து, காலையில் அஞ்சரைக்குக் கிளம்பலாம் என்றார். அவள் அக்காவுக்கு போன் செய்து சொல்லிவிட்டாள்.

கிடைத்துவிட்டது என்றால் கையில் இருப்பது என்ன?

வளையத்தை டப்பாவில் போட்டு மூடினாள். நாளை இந்நேரம் அக்கா வீட்டில் இருக்கலாம். கியர் நழுவும்போது அவர் முழங்கால் ஒரு வெட்டு வெட்டும், அது நினைவுக்கு வந்தது. திறந்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"அந்த வளையம் கெடச்சிருச்சுன்னீங்களே, எங்க கெடந்துச்சு?"

அவர் சோப்பை இன்னொரு முறை தேய்த்தார். "அங்கதான். ஃபிரிட்ஜுக்கு அடியில."

"அப்ப இது யாருது?"

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அளந்து பார்க்கவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"பட்டன் டப்பாவுல."

"பட்டன் டப்பாவுல" என்று அவரும் சொன்னார்.

"ஏதாவது டாக்டர் கோட்டுல தச்சு அனுப்பாம விட்டேனே, அது உங்க நல்ல நேரம்."

அவர் சிரிக்கவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"இது இல்லாம மூடுனா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். உள்ள கொஞ்சம் ஆட்டம் இருக்கும். நாலாவது மறுபடி நழுவலாம்."

"தெரிஞ்சேதான் மூடுனீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"என்னைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு."

"மெதுவா போலாம்னு நெனச்சேன்."

வழியில் ஒரு திருகு லேசாக ஆடினாலும் அவளை வெயிலில் இறக்கி நிறுத்திவிட்டு முறுக்குகிறவர் அவர். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நின்றுகொண்டிருக்கவே அலுப்பாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புதுசு கேட்டா கடைக்காரன் இன்னும் ஒரு மாசம்னான்" என்றார் அவர். "உங்கக்காவுக்கு மூணாவது தடவையா வரலன்னு எப்படிச் சொல்றது? அதோட, குனிஞ்சு குனிஞ்சு எனக்கும் முடியல. மூடிட்டா போதும்னு ஆயிருச்சு."

"நானும்தான் தொடலன்னு சொன்னேன்."

"அதுவும் சரிதான்."

குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரில் யாரும் எழுந்து மூடவில்லை.

"நாளைக்கு நான் பஸ்ல போறேன்."

பெரியவர் வீட்டுக்கு வந்த இருபத்திரண்டு வருடத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போனதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தனியாவா?"

"பஸ்ல அம்பது பேர் வருவாங்க."

உள்ளே வந்து பட்டன்களை அள்ளி டப்பாவில் போட்டாள். பழுப்புப் பட்டன் கடைசிவரை கிடைக்கவில்லை. ஜாக்கெட்டை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் ஆறு நாற்பது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நான்கு இடத்தில் நின்றது. ஓர் இடத்தில் இறங்கி டீ குடித்தாள். பதினோரு மணிக்கு அக்கா கைத்தடியோடு நிறுத்தத்துக்கே வந்து நின்றாள்.

"எங்கடி உன் வீட்டுக்காரரும் பெரியவரும்?"

"ரெண்டு பேருக்கும் முடியலக்கா."

சாயங்காலம் அவர் போன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை பிடித்தாராம், கியர்பெட்டி இறங்கிவிட்டது. மூடியைத் திறக்கும்போது, ஆயில் கசியாமலிருக்க நடுவில் வைத்திருந்த மெல்லிய அட்டை கிழிந்துவிட்டது. புது அட்டை வர ஒன்பது நாள் ஆகும். வளையத்தைப் போட்டாயிற்று. முட்டை அட்டையில் இப்போது எந்தக் குழியிலும் எதுவும் இல்லை.

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

தையல் கூடத்துக்கு போன் செய்து ஒன்பது நாள் வரமாட்டேன் என்று சொன்னாள். அக்கா நாற்காலியில் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். எண்ணிச் சொல்ல ஆள் வேண்டும் என்றாள். இவள் இருபது வரை எண்ணிச் சொன்னாள்.